காணிக்கைத் தட்டில் வைத்த மாத்திரைகள்

இதை வாசிப்பவர்கள் முதலில் என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். வாழைத்தார் தூக்கிப் பழகிய கை, பேனா பிடித்தால் ஒரு எழுத்து மேலேயும் ஒரு எழுத்து கீழேயும் போகிறது. எங்கள் சபையின் ஐயர் (எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்று சொல்வோம்) பிழைகளைத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எழுத்தைத் திருத்துங்கள் ஐயா, ஆனால் என்னை நல்லவனாக மாற்றிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும், உடம்பு தேறிவிட்டதே, நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக.

என் பெயர் பொன்ராஜ். வயது நாற்பத்தொன்பது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே ஆற்றங்கரையில் எங்கள் ஊர். வாழைத்தோட்டங்களில் தார் வெட்டிச் சுமந்து லாரியில் ஏற்றுவது எங்கள் வேலை. என் தங்கை எஸ்தரின் கணவன் ஞானதுரையும் அதே வேலைதான். அவன் லாரியின் மேலே நின்று அடுக்குவான். நான் கீழே நின்று தூக்கிக் கொடுப்பேன். இருபது வருடம் அப்படியே போனது. நான் நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். எனக்கும் சேர்த்து அவன் பேசுவான்.

நோயின் முதல் அடையாளம் இருமலில் வரவில்லை, துண்டில் வந்தது. தார் தூக்கும்போது தோளில் துண்டை இரண்டாக மடித்துப் போடுவேன். ஒரு ஐப்பசி மாதம், இரண்டு மடிப்பு போதவில்லை. நாலாக மடித்தேன். அப்போதும் தோள் எலும்பில் தாரின் தண்டு இடித்தது. தண்டு கனத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். என் சதை வற்றிவிட்டது என்று தோன்றவில்லை.

பிறகு சாயங்காலமானால் காய்ச்சல். அப்புறம் இருமல்.

"என்ன மச்சான், அடைக்கோழி மாதிரி கொக்கு கொக்குன்னு இருமுதீரு? முட்டை எதும் வைக்கப் போறீரா?" என்று லாரி மேலிருந்து ஞானதுரை கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததில் இன்னும் இருமல் வந்தது. வாய்க்கால் கரையில் போய்த் துப்பினேன். சளியில் சிவப்பு நூல் போல ஒன்று கிடந்தது. காலால் மண்ணைத் தள்ளி மூடினேன்.

மூடியதை என் மனைவி ஜெயமணி நாலைந்து நாளில் வேறொரு இடத்தில் பார்த்துவிட்டாள். தலையணை உறையில். அவள்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். சளிப் பரிசோதனை செய்தார்கள். காசநோய் (நுரையீரலை அரிக்கும் கிருமி நோய். இருமும்போது காற்றில் பரவும்) என்று முடிவு வந்தது.

அங்கிருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். நம் பக்கத்துப் பையன்தான். "ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாளும் விடக் கூடாது, கேட்டியளா?" என்றார். "ரெண்டு மாசத்துல காய்ச்சல் போயிரும், பசி வந்துரும், எடை ஏறும். நல்லாயிட்டோம்னு தோணும். அங்கனதான் எல்லாரும் ஏமாறுதாவ. கிருமி உள்ள பதுங்கித்தான் இருக்கும்."

நான் தலையை ஆட்டினேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

மாத்திரை தந்த நர்சம்மா ஒன்று சொன்னார்கள். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் செம்மண் தண்ணீர் போல இறங்கும், அது இரத்தம் அல்ல, மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம் என்று. இதை வாசிப்பவர்கள் இந்த நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டாரையும் கூட வேலை செய்பவர்களையும் சோதித்தார்கள். முதல் தடவை ஒருவருக்கும் இல்லை. மார்கழியில் ஞானதுரைக்கு இருமல் வந்தது. மறுபடி சோதித்ததில் அவனுக்கும் காசநோய் என்று வந்தது. ஒரே லாரியில் நெருக்கியடித்துப் போவோம், ஒரே செம்பில் குடிப்போம். நான் கொடுத்ததுதான். எஸ்தர் அழுதாள். அவன் சிரித்தான்.

"கல்யாணத்துல ஒங்க அண்ணன் சீர் ஒண்ணும் செய்யலன்னு சொல்லிக்கிட்டே இருந்தேம்லா? இருந்திருந்து இப்பக் கொண்டாந்து குடுத்துட்டாரு" என்றான்.

இரண்டு பேரும் மாத்திரை சாப்பிட்டோம். எனக்கு இரண்டு மாதம் முடிந்தது. டாக்டர் சொன்னபடியே காய்ச்சல் போனது. பசி வந்தது. சளியில் கிருமி இல்லை என்று வந்தது. மீதி நாலு மாதத்துக்கு வேறு அட்டைகளை மாதாமாதம் தந்தார்கள்.

அந்தத் தை மாதத்தில் பக்கத்து ஊர் மைதானத்தில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. ஜெயமணி கூப்பிட்டாள், போனேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வியாதிக்காரர்களை முன்னே வரச் சொன்னார்கள். நான் போகமாட்டேன் என்று பந்தல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, போய் முழங்கால் போட்டிருந்தேன். கூட்டம் நடத்திய ஊழியர் (பிரசங்கம் செய்பவர்) தலையில் கை வைத்து ஜெபித்தார். நெஞ்சுக்குள் வெந்நீர் இறங்குவது போல இருந்தது. ஏங்கி ஏங்கி அழுதேன். அப்பா செத்தபோதுகூட அப்படி அழுததில்லை.

அது பொய் இல்லை. இன்றைக்கும் பொய் என்று சொல்லமாட்டேன். ஐம்பது வயதை நெருங்கும் ஒருவனுக்கு, தான் யார் கண்ணிலும் படாமல் போய்விடவில்லை, மேலே ஒருவருக்குத் தன்னைத் தெரியும் என்று முதல்முதலாகத் தோன்றியது. அதை அப்படியே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

மாத்திரையை நிறுத்து என்று அந்த ஊழியர் சொல்லவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். யாரும் சொல்லவில்லை.

மாசியில் எங்கள் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. அன்றைக்கு எல்லோரும் காணிக்கையைப் பொருளாகக் கொண்டு வருவார்கள். நெல், தேங்காய், வாழைத்தார், சேவல், உடன்குடியில் பெண் எடுத்தவர்கள் கருப்பட்டிச் சிப்பம் என்று கோயிலின் (தேவாலயத்தை நாங்கள் கோயில் என்போம்) முன்பக்கம் நிறைந்துவிடும். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். அதற்கு முன்னால் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. அந்த வருடம் நன்மை பெற்றவர்கள் எழுந்து நின்று சொல்வார்கள்.

நான் ஒரு தார் சுமந்துகொண்டு போயிருந்தேன். அதை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியிருந்தால் போதும். சட்டைப் பையில் அன்றைக்குப் போட வேண்டிய மாத்திரை அட்டையும், அந்த மாதத்துக்கு மீதியிருந்த அட்டைகளும் ஒரு உறையில் இருந்தன. சாட்சி நேரத்தில் எழுந்தேன். ஒலிபெருக்கியைக் கையில் தந்தார்கள்.

"கர்த்தர் எனக்குப் பூரண சுகம் தந்துட்டாரு. இனிமே எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லி, உறையைக் காணிக்கைத் தட்டில் வைத்தேன்.

கோயில் முழுக்க அல்லேலூயா எழும்பியது. பெண்கள் அழுதார்கள். இருபது வருடமாக என்னைப் பார்த்துத் தலைகூட அசைக்காதவர்கள் கையைப் பிடித்தார்கள். என் குரலை ஒலிபெருக்கியில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். என் விசுவாசம் எவ்வளவு, அந்தக் குரல் எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

ஏலம் முடிந்த பிறகு ஐயர் என்னைத் தனியே கூப்பிட்டார். உறை அவர் கையில் இருந்தது.

"பொன்ராஜ், சாட்சி நல்லது. இதை எடுத்துட்டுப் போம். சுகம் குடுத்தவரு மாத்திரையைப் பாத்துக் கோவிக்க மாட்டாரு."

"காணிக்கையா வச்சத எப்படி ஐயா திருப்பி எடுக்க?" என்றேன்.

எங்கள் ஊர்களில் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கோழியை வீட்டு முற்றத்தில் வந்து நின்றால்கூடத் தொடமாட்டோம். ஒருதரம் வைத்தது வைத்ததுதான். அந்தப் பழக்கத்தை மாத்திரைக்கும் பொருத்திவிட்டேன்.  ஐயர் உறையைத் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினார். இன்னொரு தடவை அவர் சொல்லவில்லை. அது தன்னுடைய குறை என்று பின்னால் என்னிடம் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை.

மறுநாள் தோட்டத்தில் ஞானதுரை என்னிடம் வந்தான். அவன் மாத்திரை சாப்பிடத் தொடங்கி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

"மச்சான், நோய ரெண்டு பேரும் பங்கு போட்டோம். சுகத்த மட்டும் நீரே வச்சுக்கிடுவீரா?"

வழக்கம்போல விளையாட்டாகத்தான் கேட்டான். கண்ணில் மட்டும் விளையாட்டு இல்லை. நான் என்ன சொல்கிறேன் என்று காத்திருந்தான். வாழ்நாளெல்லாம் பேசத் தெரியாத நான் அன்றைக்குப் பேசினேன்.

"விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு மாப்ள?"

நான் பேசியதிலேயே கெட்ட பேச்சு அதுதான். அன்றைக்கே அவன் நிறுத்திவிட்டான்.

சுகாதார நிலையத்திலிருந்து பணியாளர் வீட்டுக்கு வந்து கேட்டார். திருநெல்வேலியில் வாங்கிச் சாப்பிடுகிறோம் என்று இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பொய் சொன்னேன்.

ஐந்து மாதம் நன்றாக இருந்தது. ஆடியில் காற்று வீசத் தொடங்கியபோது இருமல் திரும்பியது. தூசி என்றேன். சாயங்காலக் காய்ச்சல் வந்தது. அலுப்பு என்றேன். துண்டை நாலாக மடித்த அன்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என் நிலைமையை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். சாட்சி சொன்னவன் மறுபடி மாத்திரை சாப்பிட்டால் கர்த்தரைப் பொய்யராக்கியதாக ஆகும் என்று பயந்தேன். பொய்யன் நான்தான் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. சாகவும் பயம். அதனால் யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போனேன். ஸ்ரீவைகுண்டத்திலோ பக்கத்திலோ காட்டினால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள்.

அங்கே அரசு ஆஸ்பத்திரி நடைவழியில் முகமூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முகமூடி எனக்கு வசதியாக இருந்தது. டாக்டரம்மா பழைய படத்தையும் புது எக்ஸ்ரேயையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

"ஏன் நிறுத்தினீங்க?"

"வெளியூர் வேலைக்குப் போயிட்டேம்மா."

"கூட யாராவது இப்படி நிறுத்தியிருக்காங்களா? வீட்டில, வேலை செய்யுற இடத்தில?"

இந்தக் கேள்வியை அவர்கள் கேட்டார்கள். நான் இல்லை என்றேன்.

சளியைப் புதுக் கருவியில் சோதித்தார்கள். என் கிருமி இன்னும் மருந்துக்கு அடங்கும் நிலையில்தான் இருக்கிறது, உங்களுக்கு நல்ல நேரம் என்றார்கள். மறுபடி முதலிலிருந்து ஆறு மாதம்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து மாத்திரையைப் போடுவேன். புது மாத்திரை உறையை அடுப்படிப் பரணில், பழைய உரச்சாக்குக்குள் ஒளித்து வைத்தேன். ஜெயமணிக்கு மட்டும் தெரியும்.

"எஸ்தர்கிட்டயாவது சொல்லுங்க. அவ மாப்பிள்ளையும் இருமுதாரு" என்பாள்.

"நாளைக்குச் சொல்லுதேன்."

"நேத்தும் இதத்தான் சொன்னிய."

"அதான் சொல்லுதேன்னு சொல்லுதேம்லா."

நாளை நாளை என்று ஆடி போனது, ஆவணியும் பாதி போனது. ஒருநாள் மட்டும் தோட்டத்தில் பைய ஆரம்பித்தேன். "மாப்ள, ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டிட்டு வாரும். எளைச்சுப் போனீரு" என்றேன்.

அவன் தார் அடுக்குவதை நிறுத்திவிட்டு லாரி மேலிருந்து என்னைக் குனிந்து பார்த்தான். "நீரு காட்டினீரா மச்சான்?" என்றான். அதில் கேலி இல்லை. கேட்டுவிட்டு நெடுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அடுத்த தாரை எடுக்கக் குனிந்தேன்.

புரட்டாசி முடிவில் அவனே ஆஸ்பத்திரிக்குப் போனான். ஒரு செம்பு நிறைய இரத்தம் வந்த பிறகு என்று எஸ்தர் சொன்னாள். அவனுக்கு வந்திருந்தது மருந்துக்கு அடங்காத காசநோய் (பாதியில் நிறுத்தும்போது கிருமி மருந்தைப் பழகிக்கொள்ளும். பிறகு வழக்கமான மாத்திரை அதைக் கொல்லாது). வேறு மாத்திரைகள் தந்தார்கள். கால் எரிந்தது. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. ஒரு பக்க நுரையீரல் ஏற்கெனவே போய்விட்டது, மறுபக்கமும் பாதி என்றார்கள்.

நான் பாதியில் விட்டேன், அவனும் பாதியில் விட்டான். என் கிருமி அடங்கியது, அவன் கிருமி அடங்கவில்லை. இது ஏன் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சில பேருக்கு அப்படி ஆகும், காரணம் சொல்ல முடியாது" என்றார்கள். பிழைத்தவன் இதைக் கிருபை என்று சொல்லிக்கொள்ளலாம். எஸ்தர் இருக்கும் இடத்தில் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

தையில் என் மாத்திரை முடிந்தது. பங்குனியில் ஞானதுரையை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். ஐயர் அவனுக்குத் திருவிருந்து (ஆண்டவரின் நினைவாகத் தரும் அப்பமும் ரசமும்) கொடுக்க வந்தார். காற்றோட்டத்துக்காக வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டிருந்தோம். எல்லோரும் முகமூடி கட்டியிருந்தோம். திருவிருந்துக்கு முன்னால் பாவ அறிக்கை ஜெபம் உண்டு. எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொன்னதுதான். அன்றைக்கு என் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. முகமூடிக்குள் உதட்டை மட்டும் அசைத்தேன்.

அப்பத்துக்குக் கை நீட்டவும் முடியவில்லை. ஐயர் என்னைத் தாண்டிப் போனார்.

ஐயரை வழியனுப்ப எஸ்தரும் ஜெயமணியும் தெருவரை போனார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம்.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"மாத்திரையா?" என்றான்.

 கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

அவனுக்கு ஒரு வரி பேச மூன்று மூச்சு தேவைப்பட்டது. விட்டு விட்டுச் சொன்னான். "ஆவணியில வாழைச் சருகுல பாத்தேன்வே. காலைல நீரு வரப்போரம் ஒதுங்கிட்டு வந்தீரு. பொறத்தாலயே நான் போனேன். வெள்ளைச் சருகுல செம்மண் கரைச்சு ஊத்துன மாதிரி கெடந்து. நானும் அஞ்சு வாரம் போட்டவம்லா. அந்த நெறம் எனக்குத் தெரியாதா?"

"அப்பமே ஏன் வே கேக்கல?"

"நீரே சொல்லுவீருன்னு பாத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போம்னு சொன்னீருல்லா, அன்னைக்குச் சொல்லிருவீருன்னு நெனச்சேன்." இருமினான். நான் தண்ணீர் கொடுத்தேன். "சபையில அத்தன பேரு முன்னால நின்ன மனுசன். நாம் போட்டு ஒடைச்சா நீரு எங்கன போயி மூஞ்சிய வைப்பீரு? பேசத் தெரியாத ஆளு வேற."

"என்னைய நீரு திட்டியிருக்கலாம்."

"திட்டினேம்லா. எஸ்தருக்குக் கேக்காம ஒரு வாரம் திட்டினேன். பொறவு அலுத்துப் போச்சு. அடுக்க ஆளு வேணும்னா தூக்கிக் கொடுக்கவும் ஆளு வேணும்லா."

சிரிக்கப் பார்த்தான். மூச்சு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

இதைத்தான் நான் எழுத வந்தேன். மைதானத்தில் நெஞ்சில் வெந்நீர் இறங்கியதைக் கிருபை என்று நினைத்துச் சபை முன்னால் சாட்சி சொன்னேன். ஆனால் என் கண் திறந்தது வேப்பமரத்தடியில்தான். ஆவணியிலிருந்து பங்குனி வரை ஏழு மாதம், அந்த மனுஷன் என்னை மன்னித்துவிட்டு என்னோடு நடந்திருக்கிறான். ஒளித்து வைத்த உறையும் நானுமாகப் பயந்து பயந்து திரிந்த ஒவ்வொரு நாளும், எனக்குத் தெரியாமலே நான் மன்னிக்கப்பட்டவனாக இருந்திருக்கிறேன். கிருபை என்பது நாம் கேட்ட பிறகு வருவது என்றுதான் எண்ணியிருந்தேன். அது முன்னாலேயே வந்து காத்துக்கொண்டு இருக்கிறது. பிந்தி வந்தவன் நான். பிந்தியதற்கு விலை கொடுத்தவன் அவன்.

அவனுக்கே இவ்வளவு பொறுமை இருந்தால், அவன் கும்பிட்டவருக்கு எவ்வளவு இருக்கும் என்று அன்றைக்கு முதல்முறை யோசித்தேன்.

"இத எஸ்தருட்ட நீரே சொல்லும். நான் சொல்லமாட்டேன்" என்றான். "சபையிலயும் சொல்லும். அங்கனதான வச்சீரு. அங்கனயே போயி எடும்."

வைகாசியில் அவன் இறந்தான்.

அடக்கத்தன்று சொல்லவில்லை. நாற்பதாம் நாள் ஜெபத்தன்றும் சொல்லவில்லை. பாருங்கள், மன்னிக்கப்பட்ட பிறகும் நான் அதே ஆள்தான். புரட்டாசியில், அவன் இரத்தம் கக்கிய நாள் திரும்பி வந்தபோது எஸ்தர் வீட்டுக்குப் போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஆடியில் பஸ் ஏறியதிலிருந்து. டாக்டரம்மா கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

அவள் சுளகைக் கீழே வைக்கவில்லை. புடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள். "ஆடியிலயே சொல்லியிருந்தா அவிய இருந்திருப்பாவளா?"

"தெரியலம்மா."

"தெரியலன்னு சொல்லாதிய. அதத் தெரிஞ்சுக்கிடவும் வழியில்லாமப் பண்ணிட்டிய." உமியை ஊதித் தள்ளிவிட்டுச் சொன்னாள். "அவிய மன்னிச்சுட்டாவ. அது அவிய குணம். எனக்கு நாளாகும்ணே."

சரி என்றேன். 

இந்த மாசியில் மறுபடி ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. முந்தின நாளே ஐயரிடம் போய்ச் சொன்னேன். அவர் அலமாரியைத் திறந்து உறையை எடுத்தார். இரண்டு வருடத்தில் உறை மஞ்சளாகியிருந்தது. மறுநாள் சாட்சி நேரத்துக்கு முன்னால், நெல்லுக்கும் தேங்காய்க்கும் நடுவில் இருந்த காணிக்கைத் தட்டில் அவரே அதை வைத்தார்.

எழுந்து முன்னே போனேன். ஒலிபெருக்கி வேண்டாம் என்றேன்.  எழுதிக் கொண்டுபோன தாளைப் பார்க்க முடியவில்லை. இவ்வளவுதான் சொன்னேன்: "ரெண்டு வருசத்துக்கு முன்ன இத இங்கன வச்சேன். வச்சது தப்பு. எனக்கு நோய் திரும்பி வந்து. ஒளிச்சு மாத்திரை போட்டுப் பொழைச்சேன். என் பேச்சக் கேட்டு நிறுத்துன ஞானதுரை செத்துப்போனாரு. இத நான் திருப்பி எடுத்துக்கிடுதேன். யாராவது நிறுத்தியிருந்தா நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

உறையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.  காணிக்கையாக வந்த ஒரு சேவல் கொக்கரித்தது. ஞானதுரை இருந்திருந்தால் அதற்கு ஏதாவது சொல்லியிருப்பான்.

ஏலம் நடந்துகொண்டிருந்தபோது கோயில்பிள்ளை (கோயிலைக் கூட்டி மணி அடிப்பவர்) என் பக்கத்தில் வந்து நின்றார். அண்ணாச்சிக்கு எழுபது வயது இருக்கும். என்னைப் பார்க்காமல் தேங்காய்க் குவியலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீரு அன்னைக்குச் சொன்னதுலதான் நானும் சர்க்கரை மாத்திரைய விட்டேன் பொன்ராஜு. கால்ல ஒரு புண்ணு ஆறமாட்டேங்கு."

"நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்குப் போவோம் அண்ணாச்சி. நானும் வாரேன்."

"வீட்டுல சொல்லாதிரும்வே. அவ ஏசுவா."

"சொல்லித்தான் ஆவணும் அண்ணாச்சி" என்றேன். போய் வந்தோம். புண் இன்னும் ஆறவில்லை. விரல் ஒன்றை எடுக்க வேண்டி வரலாம் என்கிறார்கள். என் சாட்சி இன்னும் எத்தனை வீட்டுக்குள் போனது என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் ஐயர் எழுதச் சொன்னார். நான் போக முடியாத வீட்டுக்குத் தாள் போகும் என்றார்.

இப்போது என் உடம்பு வேறு உடம்பு. வலது நுரையீரலின் மேல்பகுதி வடுவாகிவிட்டது. தார் தூக்க முடியாது. தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறேன். மாத்திரை முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து ஒரு செம்பு தண்ணீர் குடிக்கிறேன். வெறும் தண்ணீர். முன்பெல்லாம் நாளை என்று ஒன்று கட்டாயம் வரும் என்று வாழ்ந்தேன். அந்தச் சொல்லை இப்போது வீட்டில் சொல்வதில்லை. ஜெயமணி ஏதாவது கேட்டால் உடனே எழுந்து செய்துவிடுகிறேன். பழைய ஆளைவிட இந்த ஆள் பரவாயில்லை என்கிறாள்.

கோயிலில் பாடும்போது அடி முடிவதற்குள் என் மூச்சு முடிந்துவிடுகிறது. நிறுத்திக்கொள்கிறேன். மிச்சத்தைச் சுற்றி நிற்பவர்கள் பாடி முடிக்கிறார்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களே, ஜெபம் பண்ணுங்கள். மாத்திரையும் போடுங்கள். நிறுத்தியிருந்தால், அதை யாரிடமாவது சொல்லுங்கள். நீங்கள் பயப்படும் அந்த ஆள் உங்களை ஏற்கெனவே மன்னித்துவிட்டுக் காத்திருக்கலாம். காத்திருப்பதற்கு அவருக்கு எவ்வளவு மூச்சு மிச்சமிருக்கிறது என்பதுதான் உங்களுக்குத் தெரியாது.

நேற்று ஆராதனை முடிந்து வரும் வழியில் எஸ்தர் என்னை நிறுத்தினாள். புரட்டாசிக்குப் பிறகு அவளாக வந்து பேசுவது இது முதல் தடவை.

"எழுதியாச்சாண்ணே?"

"இன்னும் இல்லம்மா. எழுத்து சரியா வரமாட்டேங்கு."

"வாரபடி எழுதுங்க" என்றாள். "அவிய பேர விட்டுராதிய."

ஞானதுரை. எழுதிவிட்டேன்.

மாசி மாதம் இருபத்தாறு, திங்கட்கிழமை.